நீர்க்காகத்தைக் கையில் கொடுத்தவர்

“இந்தா, புடி” என்று அந்தம்மா நீட்டியபோது நான் வாங்கியிருக்கக்கூடாது. இருபது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு யார் எதை நீட்டினாலும் கை தானாகப் போய்விடுகிறது, பழக்க தோஷம். வாங்கிய பிறகுதான் அதற்கு இன்னும் உயிர் இருப்பது தெரிந்தது.

நீர்க்காகம். நான் சுட்டதுதான். ஏர்கன் குண்டு இறக்கை மூட்டில் பட்டு எலும்பு வெளியே வந்துவிட்டது. என் மீன் குளத்துக் கரைச் சேற்றில் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அடுத்த குண்டு போட மனசு வரவில்லை என்றெல்லாம் கதைவிடப் போவதில்லை. இன்னொரு குண்டு எதற்கு வீணாக என்று நின்றேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து கரைமேல் ஒரு மொபெட் வந்து நின்றது. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பொம்பளை இறங்கினார். துப்பாக்கியைத் தீவன மூட்டைக்குப் பின்னால் காலால் தள்ளினேன். அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேராகச் சேற்றில் இறங்கி, ஒரே எட்டில் பறவையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார்.

“இன்னா மேடம் இது?”

“நீ சுட்டதுதான். சாவுற வரிக்கும் கையில வெச்சுகினு இரு. கீழ வெச்சே, கேஸு.”

அது சீக்கிரம் சாகவில்லை. அலகின் நுனி கொக்கி மாதிரி இருக்கும். அதை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் மாட்டி இழுத்தது. உதறப் போனேன். அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினார். அதன் கண் பச்சை. அதுவரை எனக்கு அது தெரியாது, தூரத்திலிருந்து எல்லாம் கறுப்புதான். நெஞ்சுக்குள் ஏதோ மோட்டார் ஓடுவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஒரு தடவை கழுத்தை நீட்டி, முழுங்கியிருந்த கட்லாக் குஞ்சு ஒன்றை என் சட்டைமேல் கக்கியது. என் மீன், என் சட்டை. வயிறு எரிந்தது. ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை. வெயில் முதுகில் ஏறுகிற வரைக்கும் அப்படியே நின்றேன். அந்தம்மா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பறவையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் நின்றது. எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். “அந்தத் துப்பாக்கிய யாருக்கனா குட்த்துடு. போ, கையக் கழுவிக்கினு நாஷ்டா துன்னு” என்றார். கேஸ் எழுதவில்லை. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மனைவி கையை முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னாய்யா நாறுது, பொணத்தயா தூக்கின?” என்றாள். சும்மா கிட என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மீன் குளம் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அவர் வாட்சரம்மா. வனத்துறையில் தற்காலிக வேலை. ஐம்பதை நெருங்கும் வயசு, அண்ணனூரில் வீடு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. மீன் குளத்துக்காரன் பறவைகளை எப்படித் துரத்தலாம், எப்படித் துரத்தக்கூடாது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவரிடம் ஒரே ஒரு குணம்தான் உண்டு என்று எனக்குத் தோன்றும்: எதையும் கையால் தொடாமல் நம்பமாட்டார், அடுத்தவனையும் தொடவைக்காமல் விடமாட்டார். தீவன மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார், விஷம் கலந்திருக்கிறதா என்று. வலையில் தன் விரலை மாட்டித் திருகிப் பார்ப்பார், கொக்கின் கால் சிக்குமா என்று.

பறவைமேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். “நீர்க்காகம்னா ரொம்பப் புடிக்குமா மேடம்?” என்று ஒரு தரம் குத்தலாகக் கேட்டேன். “அத்தப் போய் எவனாவது புடிக்கும்பானா? கலீஜ் புட்ச்ச பறவ. நாத்தம் தாங்காது” என்றார். “அப்பறம் ஏன் எங்க உசுர வாங்கற?” என்றேன். மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அயனம்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டுப் போன பள்ளங்கள் உண்டு. அதில் நான்கைக் குத்தகைக்கு எடுத்து, கரை கட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயசுக்காரனை எவனும் கூப்பிட்டு மெஷினில் நிறுத்தமாட்டான். இந்தக் குளங்களும் போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பிறகு செய்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் தினமும் அந்த நினைப்போடுதான் கரையில் நின்றேன்.

கொக்கும் நாரையும் கரையில் ஒற்றைக்காலில் நின்று ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளும், தொலையட்டும் என்று விட்டுவிடலாம். நீர்க்காகம் அப்படியில்லை. பக்கத்து ஏரியிலிருந்து காலையில் கூட்டமாக வரும். வரிசைகட்டி முங்கி மீனையெல்லாம் ஒரு மூலைக்கு ஓட்டும். பிறகு நடப்பது வெட்டுக்குத்து. முழுங்கியது போகட்டும். முழுங்க முடியாத பெரிய மீனைக் கொத்திக் கிழித்துவிட்டுப் போகும் பாருங்கள், அதுதான் தாங்காது. வயிறு கிழிந்த மீன் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மிதக்கும். ஒவ்வொன்றாக வலையில் அள்ளிக் கரையில் போடும்போது ரத்தம் கொதிக்கும்.

கொல்ல வேண்டுமென்றால் மேலே எழுதி அனுமதி வாங்கவேண்டும். அப்படி எழுதிக் கேட்டவன் எவனையும் எனக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் செய்யக்கூடியது விரட்டுவது மட்டும்தான். வெடி போடலாம், தகரம் தட்டலாம், குளத்துக்குமேல் கயிறு கட்டலாம். கயிறு விஷயத்தில்தான் அந்தம்மா ரொம்பக் கறார். “கவுறு கண்ணுக்குத் தெரியணும் நைனா. பறவ பாத்துட்டுத் திரும்பிப் போவணும். மாட்டிக்கினு சாவறதுக்கு இல்ல.” கரையைச் சுற்றி மூங்கில் நட்டு, தலை உயரத்துக்கு ஒரு கயிறு ஓடும். அதிலிருந்து குளத்துக்குக் குறுக்கே மற்றக் கயிறுகள். வருகிறபோதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கையை உயர்த்தி அந்தக் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கரையைச் சுற்றி நடப்பார். மெல்லிசா, கம்பியா, முடிச்சு எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். “கண்ணு ஏமாத்தும் நைனா, உன்ன மாரி” என்றார்.

ஆவடிப் பக்கம் மீன் குளம் வைத்திருந்த ஒரு தாடிக்காரர் விஷயத்தைச் சொன்னால்தான் இந்தம்மாவின் இன்னொரு முகம் தெரியும். அந்த ஆள் மீனின் வயிற்றில் பூச்சிமருந்தை அடைத்துக் கரையில் வரிசையாகப் போட்டிருந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அந்தம்மா எனக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார். சுட்டவனையே சாட்சிக்குக் கூப்பிடுகிற அதிசயத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. போய்ப் பார்த்தால், வெள்ளைக் கொக்குகள் கரை முழுக்கக் கிடக்கின்றன. சில செத்துவிட்டன. சில தலையை முதுகுப் பக்கம் வளைத்துக்கொண்டு, குடித்தவன் போல நாலடி நடப்பதும் விழுவதுமாக இருந்தன. அலகோரம் நுரை. நடுவில் ஒரு தெருநாயும் கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது.

“நாயி வந்து துன்னா நா இன்னா பண்ணுவேன்?” என்றார் தாடிக்காரர்.

அந்தம்மா குனிந்து ஒரு மூங்கில் கழியை எடுத்தார். எடுத்ததைத்தான் பார்த்தேன், ஓங்கியதைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்த அடி எனக்கே வலித்தது. அந்த ஆள் ஐயோ என்று உட்கார்ந்தார். முதுகில் இன்னொன்று விழுந்தது. “மேடம், வுடு, உம்மேல கேஸ் ஆயிடப்போவுது” என்று கையைப் பிடித்தேன். “ஆவட்டும்” என்றார்.

பிறகு கழியை வைத்துவிட்டு, உயிரோடு துடித்துக்கொண்டிருந்த கொக்குகளிடம் போனார். ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி, கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. அந்தச் சத்தம் சின்னது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டது. திருகியதைத் தாடிக்காரர் கையில் கொடுத்தார். அவர் நொண்டிக்கொண்டே போய்க் கரையோரமிருந்த ஒரு குழியில் வைக்கவேண்டும், வீசக்கூடாது. நாலாவதோ ஐந்தாவதோ வைக்கும்போது அவர் குழியிலேயே வாந்தி எடுத்தார். “வாயத் தொடச்சிக்கினு வா, இன்னும் கீது” என்றார் அந்தம்மா. நாயையும் தாடிக்காரரேதான் தூக்கிப் போட்டார். அதோடு அந்தம்மா விட்டாரா என்றால் இல்லை, கேஸும் எழுதினார். விஷத்துக்கு மட்டும் அவரிடம் மன்னிப்பு கிடையாது. தாடிக்காரர் கோர்ட்டுக்கு நடந்து நடந்தே ஓய்ந்து, குளத்தை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்.

திரும்பி வரும்போது அந்தம்மா டீக்கடையில் சோப்பு வாங்கிக் கையை மூன்று தரம் கழுவிவிட்டு இரண்டு வடை தின்றார். 

“நீ இன்னொரு தபா செய்யமாட்ட. அவன் செய்வான். அதான் எழுதிட்டேன்” என்றார்.

“எப்டி சொல்ற?”

“கையில வெச்சுகினு இருந்தப்ப நீ அழுத.”

“யாரு, நானா?”

“மூக்கச் சிந்துனியே நைனா. சளியா புட்ச்சிருந்திச்சு?”

நான் அழவில்லை. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவர் அப்படி நினைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ஒரு தை மாதம் கூழைக்கடாக்கள் இறங்கின. அதுவரை ஏரியில் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு, வாய்க்குக் கீழே ஒரு பை. இரண்டாவது குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்: “உன் சட்டத்தால என் குடும்பம் நடுத்தெருவுல நிக்கப்போவுது, வந்து பாரு.” வந்தார். பார்த்தார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, என் தீவன டின்னை ஒரு கையிலும் கழியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். மார்பு வரைக்கும் தண்ணீர். டின்னை அடித்துக்கொண்டே வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் புகுந்தார். அத்தனை கெட்ட வார்த்தை லேத் பட்டறையில்கூட நான் கேட்டதில்லை. எழும்பிய ஒரு கடாவின் இறக்கை அவர் முகத்தில் அறைந்து மூக்கு உடைந்தது. உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி அடித்தார். நானும் குதித்தேன். இரண்டு பேரும் மத்தியானம் வரை அந்தக் குளத்தில் கத்திக்கொண்டிருந்தோம். கடைசிக் கடா போன பிறகு கரையேறி மூச்சு வாங்கினார்.

“கொல்லாதன்னுதான் சொன்னேன். தொரத்தாதன்னா சொன்னேன்?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவர் என் கூடப் பிறந்தவள் மாதிரி தெரிந்தார். 

அவருக்குப் போய் நான் செய்ததைக் கேளுங்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்து நான்கு குளத்திலும் புதுக் குஞ்சு விட்டிருந்தேன். நீர்க்காகங்களுக்குக் கயிறு பழகிவிட்டது. கயிற்றுக்குமேல் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துவிட்டுக் கீழே குதித்தன. வெடிக்கு ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வந்தன. பத்து நாளில் கடைசிக் குளத்தில் பாதி காலி. கிழிந்த மீன்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. அம்பத்தூரில் ஒருவர் திருட்டுத்தனமாக மாஞ்சா நூல் விற்பது தெரியும். காத்தாடி விடுகிற, கண்ணாடித்தூள் பூசிய நூல். பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கிறது என்று போலீஸ் தடை போட்ட நூல்தான். கேட்டவுடன் கண்டு கண்டாகக் கொடுத்தார்.

கடைசிக் குளத்தில் கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டு மாஞ்சா கட்டினேன். கரையைச் சுற்றியும் அதுதான், குறுக்கேயும் அதுதான். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கட்டினேன். அது எப்படி அறுக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று எவனும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

மறுநாள் காலை கூட்டம் தாழ்வாக வந்தது. நூல் கண்ணுக்குத் தெரியாது. முதலில் வந்தது அந்தரத்தில் சட்டென்று நின்றதுபோல் இருந்தது, அதன் இறக்கை தனியாகக் கீழே விழுந்தது. பின்னால் வந்தவை நிற்க முடியாமல் மோதின. ஒன்றின் கழுத்து பாதி அறுந்து தலை தொங்க, உடம்பு மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டே போயிற்று. நான் தீவனக் கொட்டகை வாசலில் நின்று, “வாங்கடா, வாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிச்சக் கூட்டம் கத்திக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது.

கிடந்த உடல்களை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்துக்கொண்டிருக்கும்போதே மொபெட் சத்தம் கேட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வருவதுதான் அவர் வழக்கம். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்து நின்றுகொண்டேன். “இன்னா நைனா, நல்லா கீறியா?” என்று தூரத்திலிருந்தே கேட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். முதல் மூன்று குளங்களைச் சுற்றினார். செருப்பு கழற்றிய கால், உயர்த்திய வலது கை. அங்கெல்லாம் பழைய கயிறுதான். பிறகு கடைசிக் குளத்துக் கரையில் இறங்கினார்.

“மேடம், கைய எடு” என்று ஒரு வார்த்தை. அது வாய் வரைக்கும் வந்து நின்றது. சொன்னால் கட்டியது நான்தான் என்று ஆகிவிடும். தாடிக்காரர் கோர்ட்டுக்கு அலைந்தது கண்ணில் வந்தது. அந்தம்மா இந்தக் குளத்தை மட்டும் சுற்றாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். கை பட்டவுடன் சுருக்கென்று எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையை நூல்மேல் வைத்துவிட்டார். ஒரு அடி நடந்தார். நான் சொல்லவில்லை. இன்னொரு அடி. சொல்லவில்லை. மூன்றாவது அடியில் ஈரக் களிமண்ணில் அவர் கால் வழுக்கியது. விழாமல் இருக்க எதையாவது பிடிப்பது மனுஷ சுபாவம். அவர் அந்த நூலைப் பிடித்தார். முழு உடம்பின் பாரமும் அந்தக் கையில் தொங்கியது.

கத்தவில்லை. “ஆண்டவரே” என்று மெதுவாகச் சொன்னது மட்டும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரத்தத்துக்கு நடுவில் விரல்களுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை, எல்லாம் சிவப்பு.

“துண்டக் குடு. கட்டு. இறுக்கிக் கட்டு. இப்ப மேல தூக்கிப் புடி.”

பிடித்தேன். ஆட்டோவில் அம்பத்தூர் டிராபிக்கில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவர் மணிக்கட்டை என் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் ரத்தம் என் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. சூடாக இருந்தது. அவர் சீட்டில் சாய்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

தையல் போடும்போதே அவருடைய அதிகாரி வந்துவிட்டார். நல்ல மனுஷன், பதறிப்போய் வந்திருந்தார். “என்ன ஆச்சு? யார் கட்டின நூல்?” என்று கேட்டார். அந்தம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“தெரியல சார். பசங்க காத்தாடி வுட்டுகினு இருந்தானுங்க. அறுந்த நூலு வந்து மூங்கில்ல சுத்திகினு இருந்திருக்கும்” என்றேன்.

அந்தம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார். நான் அன்று மத்தியானமே குளத்துக்குப் போய் மாஞ்சாவை முழுக்க அவிழ்த்துக் கொளுத்திவிட்டு, பழைய கயிற்றைக் கட்டினேன். மறுநாள் ஆபீஸிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கயிறுதான் தெரிந்தது.

அவருக்கு வலது கையின் நடுவிலுள்ள மூன்று விரல்களிலும் நரம்பு போய்விட்டது. மொபெட் பிரேக் பிடிக்க முடியாது. ஆபீஸில் உட்கார வைக்கிறோம் என்றார்களாம், மாட்டேன் என்று வேலையை விட்டு நின்றுவிட்டார். இதெல்லாம் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்க்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணனூரில் இறங்கி, ரயில் ஷெட் பக்கத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். இடது கையில் கத்தி. வலது கை விரல்கள் மூன்றும் உள்ளே மடங்கி நின்றன, மணிக்கட்டால் மீனை அழுத்திப் பிடித்திருந்தார். மீன் நழுவிக்கொண்டே இருந்தது.

“வா நைனா. குந்து.”

உட்காரவில்லை. வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை நின்றபடியே கொட்டினேன். “மேடம், அது காத்தாடி நூலு இல்ல. நான்தான் கட்னேன். மாஞ்சா வாங்கிகினு வந்து நானே கட்னேன்.”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“கரையில எறங்கறப்பவே தெரியும். எறக்க ஒண்ணு தண்ணியில மெதந்துகினு இருந்திச்சு. நூலு வெயில்ல மின்னிச்சு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றவாளி நான், கோபமும் எனக்கு. “தெரிஞ்சிகினே எதுக்கு மேடம் கைய வெச்ச? உனக்கு இன்னா பைத்தியமா?”

“வெச்சேன், அழுத்தல. சும்மா மேலாக்கத்தான். நீ கொட்டாயாண்ட நின்னுகினு பாத்துகினு இருந்த. அதான் மெதுவா நடந்தேன்.” மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைச் சுரண்டினார். “கத்துவேன்னு பாத்தேன் நைனா.”

வாசலுக்கு எதிரே ஒரு ரயில் ஷெட்டுக்குள் மெதுவாகப் போனது. அது போய் முடிகிற வரை சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“நீ கத்தல. அதுக்குள்ள காலு வழுக்கிச்சு” என்றார்.

அவர் கழியால் அடித்திருக்கலாம். தாடிக்காரருக்கு விழுந்த மாதிரி எலும்பில் இரண்டு போட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இதற்கு நான் என்ன செய்வது? ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தியவனை நல்லவன் என்று முடிவு கட்டி, கண்ணாடித்தூள் நூல்மேல் கையை வைத்து அவன் குரலுக்காக மூன்று அடி காத்திருந்த ஒரு பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்வது? அழுதேன். இந்தத் தடவை நிஜமாகவே அழுதேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்மேல கேஸு குடு மேடம். நா ஒத்துக்கறேன்” என்றேன்.

“இங்க வந்து ஒத்துக்கினு இன்னா பிரோஜனம்? ஆபீஸு திருவள்ளூர் பக்கம் கீது. உனக்கு வழி தெரியாதா? நீயே போய்ச் சொல்லு.” கத்தியைத் தண்ணீரில் அலசினார். “நா சொல்லமாட்டேன். சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“ஞாயித்துக்கெயம, ஆபீஸ் இருக்காதே.”

“வாட்சருங்க இருப்பாங்க. போ.”

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கத்தி தரையில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் போகிற ரயில் ஒரு பக்கம் வரும், என் வீட்டு வழியான அம்பத்தூர் போகிற ரயில் எதிர்ப் பக்கம் வரும். டிக்கெட் திருவள்ளூருக்குத்தான் எடுத்தேன். நடைமேடைப் பாலத்தின்மேல் ரொம்ப நேரம் நின்றேன். அம்பத்தூர் ரயில் முதலில் வந்தது. இறங்கிப் போய் ஏறிக்கொண்டேன்.